தேநீர் மேசையின் வரலாறு: சீஸும் சொசேஜும் எம்மிடம் வந்த கதை

எமது பழைய மாணவிகள் சங்கத்தின் கூட்டக் குறிப்புப் புத்தகங்களில் எஞ்சியவற்றை இந்த மலருக்காகப் புரட்டியபோது ஒன்று கண்ணிற் பட்டது. தலைவிகள் மாறுகிறார்கள், கையெழுத்து மாறுகிறது, ஆங்கிலம் போய்த் தமிழ் வருகிறது. ஆனால் தேநீர் விருந்துடன் கூட்டம் நிறைவெய்தியது என்ற பொருள்பட முடியும் கடைசி வரி மட்டும் மாறுவதேயில்லை. அந்த விருந்தில் என்ன பரிமாறப்பட்டது, யார் செய்தார்கள், யார் சாப்பிட்டார்கள், யார் சாப்பிடாமல் எழுந்து போனார்கள் என்பதற்கு ஒரு சொல்லும் இல்லை. கட்டடங்களின் கதையையும் பரீட்சைப் பெறுபேறுகளின் கதையையும் இம்மலரில் வேறு பலர் எழுதுகிறார்கள். நாம் அந்தக் கடைசி வரிக்குள் ஒளிந்திருப்பதை எழுத விரும்பினோம்.

மலர்க்குழு எம்மிடம் கேட்டது உண்மையில் ஒரு மருத்துவக் கட்டுரை. நீரிழிவைப் பற்றியோ இரத்த அழுத்தத்தைப் பற்றியோ எழுதுங்கள் என்றார்கள். அதுவும் பின்னால் வரும், தப்ப முடியாது. ஆனால் இன்று லண்டன், ரொறன்ரோ, சிட்னி, கொழும்பு என்று எந்தக் கிளையின் ஒன்றுகூடலுக்குப் போனாலும் மேசையின் நடுவில் ஒரு தட்டில் பொன்னிறமாக, எள்ளுத் தூவி, உள்ளே சொசேஜும் உருகிய சீஸுமாக விரல் நீளத் துண்டுகள் அடுக்கப்பட்டிருக்கின்றன. வேறு எது மிஞ்சினாலும் அது மிஞ்சுவதில்லை. பனங்காய்ப் பணியாரமும் பயற்றம் பணியாரமும் செய்த வீடுகளுக்குள் இது எப்படி வந்தது என்று தேடப்போனோம். தேடிய இடமெல்லாம் மேசையைச் சுற்றி யார் இருந்தார்கள் என்ற கேள்விதான் எதிர்ப்பட்டது.

முதலில் சொற்களைப் பார்ப்போம். நாம் சமைக்கும் குசினி, போர்த்துக்கேயரின் சொல். சாப்பாட்டை வைக்கும் மேசையும், இருக்கும் வாங்கும், பாத்திரம் அடுக்கும் அலுமாரியும் அவர்களுடையவையே. பாண் அவர்களது, பாண் வேகும் போறணையும் அவர்களது. 1619 இல் யாழ்ப்பாண அரசை அவர்கள் முழுதாகக் கைப்பற்றினார்கள், 1658 இல் ஒல்லாந்தரிடம் இழந்தார்கள். நாற்பது ஆண்டுகள் கூட இல்லை. ஆனாலும் அடுப்படியை விட்டு அவர்கள் இன்னும் போகவில்லை.

சிங்களத்தில் சீஸைக் கேஜு என்கிறார்கள், சொசேஜை லிங்குஸ் என்கிறார்கள். இரண்டும் போர்த்துக்கேயச் சொற்கள். தமிழிலோ போறணையும் பாணும் தங்கின, இந்த இரண்டும் தங்கவில்லை. எமக்கு இவை சீஸ், சொசேஜ் என்று ஆங்கிலப் பெயரோடுதான் அறிமுகமாகின. பாலாடைக்கட்டி என்று பாடப்புத்தகத்தில் படித்தோம், ஆனால் கடையில் அப்படிக் கேட்டவர் எவரையும் நாம் அறியோம். இதிலிருந்து நாம் ஊகிப்பது, இவை எமது வீடுகளுக்குள் ஆங்கிலேயர் காலத்திற்குப் பின்னரே வந்திருக்கவேண்டும் என்பது. தென்பகுதியில் ஒல்லாந்தப் பறங்கியர் நத்தாருக்குப் புறூடர் என்ற பாண் போன்ற கேக்கை வெட்டி, சிவப்பு மெழுகு பூசிய ஈடம் சீஸுடன் சாப்பிடும் வழக்கம் தலைமுறைகளாக இருந்து வருகிறது. எமது பக்கத்தில் நத்தார் மேசைக்குக் கூட அந்த வழக்கம் பரவலாக வரவில்லை.

அதற்குக் காரணம் உண்டு. பாலை நாம் தயிராக்கினோம், மோராக்கினோம், நெய்யாக்கினோம். பாலைத் திரையவைத்து, நீரை வடித்து, உப்பிட்டு மாதக்கணக்கில் பழுக்கவைப்பது எமது வெப்பத்துக்கு ஒத்துவராத வேலை. அத்துடன் பாலைத் திரையவைக்க மரபாகப் பயன்பட்டது கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரெனற் என்ற நொதியம். சைவ வீடுகளுக்கு இது தெரிந்திருந்தால் சீஸ் படியேறியே இருக்காது. தெரியாமல்தான் ஏறியது. சொசேஜை மச்சம் என்று ஒதுக்கிவிட்டு, சீஸ் மட்டும் உள்ள துண்டைச் சைவம் என்று நம்பிச் சாப்பிட்ட அன்ரிமார் எத்தனை பேர்! இப்போது நிலைமை மாறிவிட்டது. 1990 ஆம் ஆண்டளவிலிருந்து நுண்ணுயிர்களைக் கொண்டு அதே நொதியத்தைத் தயாரிக்கிறார்கள், இன்று பெருமளவு செடார் சீஸ் அவ்வாறு செய்யப்படுவது. இத்தாலியின் பார்மிஜானோ மட்டும் விதிப்படி இன்றும் கன்றின் ரெனற்றாலேயே செய்யப்படவேண்டும். விரதகாரர் பெட்டியின் பின்புறத்தை வாசிப்பது நல்லது.

உடுவிலில் 1824 இல் பெண்களுக்கான விடுதிப் பாடசாலை தொடங்கியது. சுண்டுக்குளி 1896, மருதனார்மடத்து இராமநாதன் 1913 என்று பெண்கள் கல்லூரிகள் எழுந்தன. எமது கல்லூரி அன்னையும் இந்த வரிசையில் ஒருத்தி. படித்த பெண் என்பவள் ஒரு நாள் விருந்தினரை வரவேற்று, மேசை விரிப்பு விரித்து, தேநீரும் சிற்றுண்டியும் பரிமாறத் தெரிந்தவளாக இருக்கவேண்டும் என்பது அக்காலத்து எதிர்பார்ப்பு. மனையியல் வகுப்பு அதற்காகவே இருந்தது. கொழும்பில் ஹில்டா டியூற்றம் தொகுத்த சிலோன் டெய்லி நியூஸ் சமையற் புத்தகம் 1929 இல் வெளிவந்தது. ஆங்கிலம் படித்த வீடுகளில் அது ஒரு வேதம். புத்தகம் இல்லாதவர்கள் இரவல் வாங்கிக் கொப்பியில் எழுதினார்கள். அந்தக் கொப்பிகளே எமக்குக் கிடைத்த மூலாதாரம். எமது சங்கத்து மூத்த அக்காமார் சிலர் மனமுவந்து தந்தார்கள். எண்ணெய்க் கறை படிந்த பக்கமே அதிகம் செய்யப்பட்ட பண்டத்தின் பக்கம் என்று கண்டுகொள்ள வரலாற்று ஆய்வாளராக இருக்கத் தேவையில்லை.

அளவுகள் றாத்தலிலும் அவுன்ஸிலும் இருக்கின்றன. சூடு எங்கும் இலக்கத்தில் இல்லை. மெல்லிய சூடு, நடுத்தரச் சூடு, கடும் சூடு, அவ்வளவுதான். வெள்ளைக் கடதாசித் துண்டொன்றை உள்ளே வைத்து எத்தனை நிமிடத்தில் பழுப்பேறுகிறது என்று பார்ப்பது ஒரு முறை. கையை நீட்டி எத்தனை எண்ணும் வரை தாங்குகிறது என்று பார்ப்பது இன்னொரு முறை. வீட்டில் அவன் இல்லாதவர்கள் பெரிய சட்டியின் அடியில் மணல் பரப்பி, அதன்மேல் தட்டை வைத்து, மூடியின் மேலே சிரட்டைத் தணல் கொட்டினார்கள். கீழும் நெருப்பு, மேலும் நெருப்பு. கேக் இதில் வந்துவிடும். பலபடை மாவுப் பண்டம் வருவது கடினம். பட்டரும் மாவும் மாறி மாறி மடித்த அந்தப் படைகள் விரிய, உள்ளிருக்கும் நீர் திடீரென்று ஆவியாக வேண்டும், அதற்குத் தொடக்கத்திலேயே கடும் சூடு தேவை. மணற்சட்டி மெதுவாகவே சூடேறும். அதனால் பட்டர் உருகி வழிந்து, மாவு பொரித்ததுபோல் ஆகிவிடும். ஆகவே கையில் காசுள்ளவர்கள் தட்டுகளைச் சந்தியிலிருந்த பேக்கரிக்குக் கொடுத்துவிட்டு, பாண் எடுத்தபின் எஞ்சிய போறணைச் சூட்டில் வேகவைத்து வாங்கினார்கள். மற்றவர்கள் எண்ணெயில் பொரித்தார்கள். எமது பற்றிஸும் ரோல்ஸும் கட்லற்றும் பொரிக்கும் பண்டங்களாக நிலைத்ததற்கு இந்த அவன் இல்லாமையும் ஒரு காரணம் என்பது எமது எண்ணம்.

அக்காலத்து மேசையைப் பற்றி இன்னொன்றைச் சொல்லாமல் போகமுடியாது. 1920களின் இறுதியில் நன்கொடை பெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளையும் சமமாக வாங்கில் இருத்தவேண்டும் என்ற பணிப்பு வந்தது. யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் சம ஆசனம், சம போசனம் என்று குரல் கொடுத்தது. எதிர்த்தவர்கள் பாடசாலைகளுக்குத் தீ வைத்த சம்பவங்களும் எமது குடாநாட்டில் நிகழ்ந்தன. சோறுதான் பெரிய வேலியாக இருந்தது. யார் சமைத்த சோறு, யாருடைய பந்தி என்பதில் எமது சமூகம் காட்டிய கண்டிப்பை இளைய தலைமுறை நம்பமாட்டாது. தேநீர் மேசை அந்த வேலியில் ஒரு இடைவெளி. பிஸ்கற்றும் கேக்கும் பற்றிஸும் சோறல்ல, பந்தியில் இருந்து உண்பதல்ல. நின்றுகொண்டே கையில் எடுத்துவிடலாம். சோற்றுப் பந்தியில் ஒன்றாக இருக்க முடியாதவர்கள் தேநீர் விருந்தில் ஒன்றாக நின்றார்கள்.

இதைப் பெருமையாக மட்டும் சொல்லிவிட எமக்கு மனமில்லை. கோப்பைகளைக் கழுவியவர்கள், விறகு கொத்தியவர்கள், கிணற்றிலிருந்து தண்ணீர் அள்ளியவர்கள் அந்த மேசையைச் சுற்றி நிற்கவில்லை. தேநீர்க் கடைகளில் எல்லோருக்கும் ஒரே கோப்பை என்பதற்கு 1957 இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்தது. அதன் பின்னும் 1966 இலிருந்து தெருவில் இறங்கிப் போராடவேண்டி இருந்தது. எமது கல்லூரி வளவுக்குள் என்ன நடந்தது என்று குறிப்புப் புத்தகம் சொல்லவில்லை. நாம் கேட்ட மூத்தவர்களிற் சிலர் பேச்சை மாற்றினார்கள், ஒருவர் மட்டும் கழுவி வைத்த கோப்பைகளில் இரண்டு எப்போதும் தனியாகக் கவிழ்த்திருக்கும் என்று மெதுவாகச் சொன்னார். அதை இங்கே பதிவு செய்கிறோம்.

சொசேஜ் ரோல் ஆங்கிலேயரின் தெருப் பண்டம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் லண்டன் போன்ற நகரங்களில் வேலையாட்களின் மலிவான சாப்பாடாக இருந்தது. இங்கே வந்ததும் கனவான்களின் பண்டம் ஆகிவிட்டது. கொழும்பில் குளிர்ச்சாலை வைத்திருந்த கம்பனிகள் சொசேஜ் செய்து விற்றன. எலிபன்ற் ஹவுஸ் என்ற பெயர் எமது பெற்றோருக்கு ஐஸ்கிறீமையும் சொசேஜையும் ஒருங்கே நினைவூட்டும். குளிரூட்டி இல்லாமல் சொசேஜை வடக்குக்குக் கொண்டுவருவதும் வைத்திருப்பதும் இயலாத காரியம். சீஸ் முந்திக்கொண்டது. ஜேம்ஸ் கிராஃப்ற் என்பவர் 1916 இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற முறைப்படி சீஸை உருக்கி, கிருமி நீக்கி, ரின்னில் அடைத்தபோது அது வெப்ப நாடுகளுக்குப் பயணம் போகத்தக்க பொருளாயிற்று. நீலநிறக் கிராஃப்ற் ரின் பலருடைய அலுமாரியில் காட்சிப் பொருளாக இருந்தது. வெறுமையான பிறகும் எறியமாட்டார்கள், பொத்தான் போட்டு வைப்பார்கள்.

1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலம். சீஸ் மறைந்தது. பாணுக்கே வரிசையில் நின்ற நாட்கள் அவை. மிளகாயும் வெங்காயமும் செய்த எமது கமக்காரருக்கு அது நல்ல காலம், விருந்து மேசைக்குப் பஞ்ச காலம். அப்போதைய கொப்பிகளில் மரவள்ளிக்கிழங்குக் கட்லற் அடிக்கடி வருகிறது. 1977 இல் கதவு திறந்தது. 1980 இல் திருகோணமலை சீனன்குடாவில் பிறீமா மா ஆலை இயங்கத் தொடங்கியது. மத்திய கிழக்கிலிருந்து திரும்பியவர்கள் மின்சார அவன் கொண்டுவந்தார்கள். சீஸ், சொசேஜ், அவன், பிறிஜ் நான்கும் ஒரே வீட்டில் ஒரே நேரத்தில் சேர்ந்தது எமது ஊரில் முதன்முறையாக அந்தப் பத்தாண்டின் தொடக்கத்தில்தான். அது நீடிக்கவில்லை.

1990 நடுப்பகுதியில் மீண்டும் யுத்தம் தொடங்கியது. மின்சாரம் நின்றது. எம் தலைமுறை, அதாவது இப்போது நாற்பதுகளில் இருப்பவர்கள், படித்தது ஜாம் போத்தல் விளக்கில். பிறிஜ் புத்தகம் வைக்கும் அலுமாரி ஆயிற்று. அவனுக்குள் அரிசிப் பை வைத்தால் எலி போகாது என்று கண்டுபிடித்தவர்களும் உண்டு. மண்ணெண்ணெய் விலை வானத்தில். சிரட்டையும் பனை மட்டையும் மணற்சட்டியும் திரும்பி வந்தன.

அந்த ஆண்டு ஒக்ரோபர் இறுதியில் யாழ்ப்பாணத்து முஸ்லிம் மக்கள் இரண்டு மணி நேர அவகாசத்தில் ஆயுததாரிகளால் வெளியேற்றப்பட்டார்கள். எமக்கு அப்போது பத்து வயதளவு. எமது வகுப்பு வாங்கில் இடைவெளிகள் விழுந்தன. ஆசிரியர் இடாப்பு வாசிக்கும்போது சில பெயர்களைத் தாண்டிப் போனார். பெருநாளுக்கு வட்டிலப்பம் கொண்டுவந்து தந்த வீடுகள் பூட்டிக் கிடந்தன, பிறகு கதவும் இல்லாமற் போயின. அவர்கள் புத்தளம் பக்கம் அகதிமுகாம்களில் இருந்தார்கள் என்பது எமக்குப் பல வருடங்களின் பின்னரே தெரியும். எமது சங்கத்தின் அங்கத்துவப் பட்டியலிலும் அவர்களது பெயர்கள் அதன்பின் எழுதப்படவில்லை. ஒருவரும் வெட்டவுமில்லை, சேர்க்கவுமில்லை.

அந்தக் காலத்தில்தான் மனையியல் வகுப்பில் சீஸ் துண்டுகள் செய்முறைக்கு வந்தன. பாடத்திட்டத்தில் இருக்கிறது, செய்து காட்டத்தான் வேண்டும் என்றார் எமது ரீச்சர். சீஸுக்கு எங்கே போவது? பால்மாவைக் கெட்டியாகக் கரைத்துக் கொதிக்கவைத்து, தேசிக்காய்ச் சாறு விட்டுத் திரையவைத்தோம். துணியில் கட்டி, நீர் வடிய அம்மிக் குழவியை மேலே ஏற்றினோம். மறுநாள் உப்பு, மிளகு, கொஞ்சம் கடுகுத்தூள் சேர்த்துப் பிசைந்தோம். அது உருகாது. பனீர் போன்ற எந்தக் கட்டியும் உருகாது, ஏனென்றால் அமிலத்தால் திரைந்த பாலின் புரதக் கட்டமைப்பு வேறு. ஆனால் கடிக்கும்போது வாய்க்கு ஏதோ தட்டுப்பட்டது, அது போதும். சொசேஜுக்குப் பதிலாக அவித்த மீனை முள்ளெடுத்து, உருளைக்கிழங்கு, வெங்காயம், பெருஞ்சீரகம், மிளகாய்த்தூள் சேர்த்து, விரலளவு உருட்டி, வாழையிலையில் சுற்றி நீத்துப்பெட்டியில் அவித்தோம். மாஜரீன் இருந்த அளவுக்கு மாவைப் பிசைந்து அதில் சுற்றி, மணற்சட்டியில் வைத்தோம். பலபடையாக விரியவில்லை, பிஸ்கற் போல் இறுகிப் பொருபொருவென்று வந்தது. அதற்கும் புள்ளி போட்டார்கள். பேக்கரி என்ற பலகைகள் வெதுப்பகம் என்று மாறிய காலமும் அதுவே. அந்தச் சொல் அழகானது, நிலைத்தும் விட்டது.

1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுதும் தென்மராட்சி நோக்கி நடந்தது. கையில் எடுத்தவை உடுப்பு, அடையாள அட்டை, சான்றிதழ், கொஞ்ச நகை. அதற்குள் சமையற் கொப்பியையும் வைத்தவர்கள் இருந்திருக்கிறார்கள் என்பதை இக்கட்டுரைக்காக விசாரித்தபோது அறிந்து வியந்தோம். 1996 இல் திரும்பியபோது பல வீடுகளில் அவனும் இல்லை, அலுமாரியும் இல்லை, கூரையும் இல்லை. சங்கத்தின் குறிப்புப் புத்தகங்களில் பாதி அப்போது போனவைதான். தேநீர் விருந்து பற்றிய எமது தேடலுக்கு, அந்த வழியில் நடந்த சில கொப்பிகள் எழுத்துப்பூர்வமான சான்றாக எஞ்சியுள்ளன.

போனவர்கள் போன நாடுகளில் கதை வேறுவிதமாகத் தொடர்ந்தது. அங்கே ஒவ்வொரு வீட்டிலும் அவன் இருந்தது. உருட்டித் தயாராக வைத்த பலபடை மாவு கடையில் கிடைத்தது. சீஸ், கேட்பாரற்று மலிவாகக் குவிந்திருந்தது. ஸ்காபரோவிலும் ஈஸ்ற்ஹாமிலும் மற்றன் ரோல்ஸ் நூறு, இருநூறு என்று ஓடர் கொடுத்து வாங்கும் பண்டமாயிற்று. குளிர்காலத்தில் சாளரம் பூட்டிய வீட்டுக்குள் பொரிக்கும் மணம் உடுப்பில் ஏறிப் பிள்ளைகள் பாடசாலையில் கேலிக்கு ஆளானார்கள். வேலையால் வந்து பொரிக்க நேரமுமில்லை. இப்படித்தான் பொரிக்கும் ரோல்ஸின் பக்கத்தில் வேகவைக்கும் சொசேஜ்-சீஸ் துண்டு வந்து உட்கார்ந்தது. அங்கே பிறந்த பிள்ளைகளுக்கு அது ஊர்ச் சாப்பாடாகவும் தெரிந்தது, தங்கள் சாப்பாடாகவும் தெரிந்தது.

செய்முறை கேட்டு எழுதுவோர் பலர் என்பதால் இங்கேயே எழுதிவிடுகிறோம். உருட்டிய பலபடை மாவு 375 கிராம் தாள் ஒன்றை நீளவாக்கில் இரண்டாக வெட்டவும். கடும் செடார் சீஸ் 100 கிராமைத் துருவி, பொடியாக வெட்டி வதக்கி ஆறிய வெங்காயம், பச்சைமிளகாய், சிறிது கடுகு விழுதுடன் கலந்து இரு துண்டிலும் நடுவே நீளமாகப் பரப்பவும். வதக்கலின் சூடு ஆறாமல் வைத்தால் மாவில் உள்ள பட்டர் உருகிப் படைகள் ஒட்டிவிடும். அதன்மேல் கோழிச் சொசேஜ் மும்மூன்றாக அடுத்தடுத்து வைத்து, ஓரத்தில் முட்டை தடவிச் சுருட்டவும். ஒட்டிய பக்கம் கீழே இருக்கட்டும். இருபது நிமிடம் குளிரூட்டியில் வைத்தபின் கூரிய கத்தியால் ஒவ்வொன்றையும் பன்னிரண்டாக வெட்டினால் 24 துண்டு வரும். மேலே முட்டை பூசி எள்ளோ கருஞ்சீரகமோ தூவி, முன்கூட்டியே 200 பாகை செல்சியஸுக்குச் சூடாக்கிய அவனில் 20 முதல் 25 நிமிடம். விசிறி உள்ள அவன் என்றால் 180 போதும். மொசரெல்லா வேண்டாம், அதில் ஈரம் அதிகம், எல்லாம் வெளியே ஓடித் தட்டில் கருகும். வேகவைக்காத நிலையில் உறையவைத்து வைத்திருந்தால் விருந்தினர் மணி அடித்தபின் கூட அவனில் வைக்கலாம், ஐந்தாறு நிமிடம் கூடுதலாகக் கொடுக்கவேண்டும்.

இனி மருத்துவம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2015 ஒக்ரோபரில் பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியான முதலாம் தொகுதியில் சேர்த்தது. தினமும் 50 கிராம் சாப்பிட்டால் பெருங்குடற் புற்றுநோய் அபாயம் ஏறத்தாழ 18 வீதம் கூடும் என்றது. நூறு பேரில் பதினெட்டுப் பேருக்கு வரும் என்று இதைப் படித்துவிட்டுத் தொலைபேசி எடுத்தவர்கள் இருக்கிறார்கள். அப்படியல்ல. ஒருவருக்கு ஏற்கெனவே உள்ள அபாயம், அது சிறியதாயின் சிறியதன் 18 வீதத்தால் கூடுகிறது. 50 கிராம் என்பது சாதாரண சொசேஜ் ஒன்றின் எடை அளவு. ஆண்டுக்கு இரண்டு ஒன்றுகூடலில் தின்பதைப் பற்றி நாம் கவலைப்படவில்லை. தினமும் பிள்ளையின் மதிய உணவுப் பெட்டிக்குள் போகிறதே, அதைப் பற்றித்தான் கவலை. உப்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. சொசேஜ், சீஸ், மாவு மூன்றிலும் உப்பு இருக்கிறது. எமது வயதில், எமது இனத்தில், மெலிந்த உடம்புக்கும் நீரிழிவு வருகிறது. இரண்டு துண்டு எடுத்துத் தட்டுடன் மேசையை விட்டு விலகி நின்று கதையுங்கள். மேசையடியில் நின்று கதைப்பவர் எண்ணிச் சாப்பிடுவதில்லை, நாம் பார்த்திருக்கிறோம்.

வேடிக்கை என்னவென்றால், 1990களில் வேறு வழியின்றி நாம் செய்தோமே அந்த மீன் உருட்டல், அதற்கு இந்த எச்சரிக்கை எதுவும் பொருந்தாது. நைற்றைற் இல்லை, புகைபிடித்ததுமில்லை. அரைத்த கோழி இறைச்சியிலும் அதே சேர்மானத்தில் செய்யலாம், உள்ளே 74 பாகை வரும்வரை வேகவேண்டும். எமது வீடுகளில் இப்போது அதையே செய்கிறோம். சீஸைப் பாதியாக்கி, மிளகாய்த்தூளைக் கூட்டினால் குறை தெரியாது. எப்படிச் செய்தாலும் வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கவேண்டாம், எமது ஊர் வெயிலில் ஒரு மணி நேரம்.

நூற்றாண்டு விழாவுக்கு எமது புத்தளத்துச் சகோதரிகள் சிலர் வருவதாக இசைந்திருக்கிறார்கள். முப்பத்தைந்து ஆண்டுகளுக்குக் கிட்டிய இடைவெளியின் பின் எமது கல்லூரி மண்டபத்துக்குள் முதன்முறையாக வருபவர்களும் அவர்களிடையே உண்டு. விழாவின் தேநீர் ஏற்பாட்டுக் கூட்டத்தில், எதற்கு இந்தச் சிக்கல், எல்லாவற்றையும் சைவமாகவே வைத்துவிடுவோம் என்று ஒரு யோசனை வந்தது. இல்லை, முஸ்லிம்களுக்கென்று ஒரு சிறிய தனித்தட்டு வைப்போம் என்று இன்னொரு யோசனையும் வந்தது. தனித்தட்டு என்ற சொல் காதில் விழுந்ததும் அந்தக் கவிழ்த்து வைத்த இரண்டு கோப்பைகள் எமக்கு நினைவில் வந்தன. நீண்ட நேரம் பேசினோம், கொஞ்சம் குரலும் உயர்ந்தது. முடிவு இது: பன்றியும் மாடும் மேசைக்கு வராது. இறைச்சி உள்ளதெல்லாம் ஹலால் கோழியில், எல்லோருக்கும் அதே தட்டு. சைவத் துண்டுகளுக்கு நுண்ணுயிர் ரெனற் சீஸ், முட்டை பூசாமல் பால் பூசியது. ஒவ்வொரு தட்டின் முன்னும் என்ன இருக்கிறது என்று தமிழில் எழுதிய அட்டை.

குறிப்புப் புத்தகத்தின் கடைசி வரியையும் இம்முறை நீட்டி எழுதச் செயலாளர் ஒப்புக்கொண்டிருக்கிறார். என்ன பரிமாறினோம், யார் செய்தார்கள், கோப்பை கழுவியவர்கள் யார் என்று பெயருடன். பழைய கொப்பிகள் யாரிடமாவது இருந்தால், கிழிந்திருந்தாலும் கறை படிந்திருந்தாலும், படம்பிடித்துச் சங்கத்துக்கு அனுப்பிவையுங்கள். குறிப்பாக 1950களுக்கு முந்தியவை எம்மிடம் மூன்றுதான் இருக்கின்றன.